முப்பது வயதுக்குள் வெனிஸ் போகிறவர்களுக்கு

வெனிஸில் பணம் கரைவது பெரும்பாலும் படகில்தான். 'வாப்பொரெத்தோ' எனும் நகரப் படகில் 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ. 6 முதல் 29 வயது வரையுள்ளவர்கள் 6 யூரோ கொடுத்து 'ரோலிங் வெனிஸ்' அட்டை வாங்கினால், 45 யூரோ மதிப்புள்ள 72 மணி நேரச் சீட்டு 27 யூரோவுக்குக் கிடைக்கும். ஆக மொத்தம் 33 யூரோ. நான்கு முறை படகேறினாலே கட்டுப்படியாகும். கட்டணம் அவ்வப்போது ஏறும், கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் வயதைக் காட்ட பாஸ்போர்ட் வேண்டும்.

அந்த 72 மணி நேரம் சீட்டு வாங்கும்போது ஓடத் தொடங்காது. துறையிலுள்ள கருவியில் முதன்முறை வைக்கும்போதுதான் தொடங்கும். வந்த அன்றே வைத்து வீணாக்காதீர்கள். முதல் நாளை நடந்தே கழியுங்கள், முரானோ, புரானோ தீவுகளுக்குப் போகும் நாளில் தொடங்குங்கள். ஒவ்வொரு முறை ஏறும்போதும் மறுபடி வைக்க வேண்டும், மறந்தால் அபராதம். விமான நிலையப் படகுக்கு இந்தச் சீட்டு செல்லாது.

ரயிலில் வருகிறவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 'வெனேட்சியா மேஸ்த்ரே' ரயில் நிலையம் நிலப்பகுதியில் இருக்கிறது. கால்வாய் நகரத்துக்கு 'சாந்தா லூசியா'வில் இறங்க வேண்டும். இரண்டுக்கும் இடையே சுமார் பத்து நிமிடம். மேஸ்த்ரேயில் தங்கினால் வாடகை மிச்சம், ஆனால் இரவு ரயில் நேரம் பார்த்துத்தான் ஊர் சுற்ற முடியும். 2024 முதல், குறிப்பிட்ட சில நாள்களில் பகல் பயணிகளுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. மேஸ்த்ரே உட்பட நகராட்சி எல்லைக்குள் இரவு தங்குகிறவர்களுக்கு விலக்கு, ஆனால் முன்கூட்டியே இணையத்தில் பதிந்து அந்தச் சான்றைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

உருளும் பெட்டி வேண்டாம், முதுகுப் பை போதும். நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், அநேகமாக எல்லாமே படிக்கட்டு. வீட்டு எண்கள் தெருவாரியாக இல்லாமல் வட்டாரவாரியாக ஓடுகின்றன, ஆயிரங்களைத் தாண்டி. வெறும் முகவரியை வைத்துக்கொண்டு வீட்டைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. விடுதிக்காரரிடம் பக்கத்துப் படகுத்துறை, பக்கத்துப் பாலம் இரண்டின் பெயரையும் கேட்டு வையுங்கள். குறுகிய சந்துகளில் கைபேசி வரைபடம் தடம் மாறும். சில சந்துகள் நேரே தண்ணீரில் போய் முடியும். 'பெர் ரியால்தோ', 'பெர் சான் மார்கோ' (அந்த இடங்களுக்குப் போகும் வழி) என்ற மஞ்சள் பலகைகளை நம்புவது மேல்.

பெருங்கால்வாயைக் கடக்க நான்கே பாலங்கள். இடையில் மாட்டிக்கொண்டால் 'த்ராகெத்தோ' தேடுங்கள்: அக்கரைக்கு மட்டும் போகும் பெரிய கொண்டோலா, 2 யூரோ. உல்லாசக் கொண்டோலாவுக்குப் பகலில் அரை மணிக்கு 90 யூரோ. அது தலைக்கு அல்ல, படகுக்கு. ஐந்து பேர் சேர்ந்தால் ஆளுக்கு 18. இரண்டுமே வேண்டாமென்றால், இரவு எட்டுக்கு மேல் 1-ஆம் எண் படகில் வெளி இருக்கை பிடித்து மாளிகைகளைப் பாருங்கள். எங்களைக் கேட்டால் இதுதான் சிறந்தது.

அக்டோபர் முதல் ஜனவரி வரை கடல் ஏற்றம் உண்டு. கடல்நீர் நகருக்குள் வராமல் தடுக்க 2020 முதல் இயங்கும் 'மோசே' தடுப்புகளைப் பொதுவாக நீர்மட்டம் 110 சென்டிமீட்டரைத் தொடும் என்று முன்னறிவிப்பு வந்தால்தான் தூக்குகிறார்கள். தாழ்வான சான் மார்கோ சதுக்கம் அதற்கு முன்பே நனையத் தொடங்கும். ஏற்றத்தின் உச்சத்தை ஒட்டிச் சில மணி நேரம்தான்; அப்போது அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் போதும்.

சாப்பாட்டுக்கு 'பாகரோ' எனும் சிறு மதுக்கடைகளில் நின்றபடி 'சிக்கெத்தி' எனும் சிறு தீனிகளை வாங்குங்கள். மேசையில் உட்கார்ந்தால் பல இடங்களில் தனிக் கட்டணம் சேரும். சான் மார்கோ படிகளில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்தால் அபராதம். குடிநீர் தெருக்குழாய்களில் இலவசம். சைவர்கள் கவனிக்க: ரொட்டித் துண்டின்மேல் வெள்ளையாகப் பாலாடைக்கட்டிபோல் இருப்பது பெரும்பாலும் கடைந்த காட் மீன். பொரித்த மொட்சரெல்லாவுக்குள்ளும் நெத்திலியோ பன்றி இறைச்சியோ இருக்கலாம், கேட்டு வாங்குங்கள்.