காலர் பட்டன் இறுக்கினால்: கழுத்தளவு எடுப்பது எப்படி?

ஓணத்துக்கு முந்தைய பத்து நாளும் செங்கோட்டைத் தையல்காரர்களுக்குத் தூக்கம் கிடையாது. புளியரை செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலையிலிருந்தும் சட்டைத்துணியோடு ஆள் வரும். போன வருஷம் அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். டேப்பைச் சுற்றிய அண்ணாச்சி பழைய நோட்டைப் புரட்டிவிட்டு, "காலர் ஒரு இஞ்ச் கூடியிருக்கே தம்பி, சுகர் பாத்தீங்களா?" என்றார்.

இடுப்பளவு அப்போதும் 34தான். வேட்டியைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறவனுக்கு அது என்றைக்கும் 34தான்! கழுத்தை அப்படி இறக்கிக் கட்ட முடியாது. சாப்பிட்டாலும் மூச்சை இழுத்தாலும் அது பெரிதாக மாறாது.

கழுத்து பருப்பதற்கும் சுகருக்கும் தொடர்பு உண்டு, கீழே சொல்கிறேன். சரி, அளப்போம். இழுபடாத தையல் டேப்பும் உதவிக்கு ஒரு ஆளும் போதும்.

1. நிமிர்ந்து நில்லுங்கள். தோள் தளர்வாக, பார்வை நேராக.

2. இடம் பிடிப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஆண்களுக்குச் சங்கு துருத்தித் தெரியும். டேப் அதற்குச் சற்றுக் கீழே போக வேண்டும். பெண்கள் தொண்டையில் விரலை வைத்து எச்சில் விழுங்கிப் பாருங்கள், ஏறி இறங்கும் மேடு தட்டுப்படும். அதற்குக் கீழே. பின்கழுத்தில் டேப் சரியாமல் கூட இருப்பவர் பார்த்துக்கொள்ளட்டும். தோலைத் தொட்டால் போதும், அழுத்த வேண்டாம். சட்டைக்கு அளக்கும்போது தையல்காரர் விரல் நுழைய இடம் விடுவார். இங்கே அது கூடாது. அதனால் காலர் சைஸை அப்படியே கழுத்தளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

3. செ.மீ. பக்கத்தில் இரண்டு முறை பார்த்து, சராசரியைக் குறியுங்கள்.

4. இனி அந்த எண். எடை கூடுதலா என்று மேற்கொண்டு பார்க்க வேண்டிய எல்லையாக, 2001இல் வெளிவந்த ஓர் இஸ்ரேல் ஆய்வு ஆண்களுக்கு 37 செ.மீ., பெண்களுக்கு 34 செ.மீ. என்று வைத்தது. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் 1948 முதல் நடந்துவரும் இதய ஆய்விலிருந்து 2010இல் வந்த கட்டுரை இன்னும் முக்கியம். வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பைக் கணக்கில் கழித்த பிறகும், கழுத்து பருத்தவர்களுக்கு இன்சுலினும் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் கூடுதல், நல்ல கொழுப்பு குறைவு. மேலுடம்புக் கொழுப்பு தன் கொழுப்பு அமிலங்களை ரத்தத்தில் தாராளமாக விடுகிறது. அவை ஈரலிலும் தசையிலும் சேரச் சேர, இன்சுலின் சொல் அங்கே எடுபடாமல் போகிறது.

முன்கழுத்துக் கழலை இருப்பவர்களுக்கும், ஜிம்மில் கழுத்தை முறுக்கேற்றியவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

5. டேப்பை எடுத்ததும் பின்கழுத்துத் தோலைப் பாருங்கள். வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால், அழுக்கு என்று நார் வைத்துத் தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கலாம். குறட்டை, பகல் தூக்கம் உண்டா என்று வீட்டில் கேளுங்கள். பருத்த கழுத்து மூச்சுக்குழலை நெருக்கி, தூக்கத்தில் மூச்சைத் தடைப்படுத்தும்.

6. எல்லையைத் தாண்டியிருந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் வெறும் வயிற்றில் சர்க்கரையும் கொழுப்பும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை 100 முதல் 125 வரை என்றால் நீரிழிவுக்கு முந்தைய கட்டம். எனக்கு 108. டாக்டர் சொன்னபடி ராத்திரிப் புரோட்டாவை நிறுத்தி, குண்டாறு அணைப் பக்கம் நடக்கிறேன். கழுத்தை மட்டும் இளைக்க வைக்கும் பயிற்சி எதுவும் கிடையாது. உடம்பு இளைத்தால் அதுவும் இளைக்கும். தேதி போட்டு எழுதி வைத்து, மூன்று மாதம் கழித்து அதே டேப்பில், அதே இடத்தில் அளந்து பாருங்கள்.