போட்டிக்குப் பழைய ரிவால்வர் வாங்குகிறீர்களா? முதலில் டைமிங்கைப் பாருங்கள்

அமெரிக்காவில் யு.எஸ்.பி.எஸ்.ஏ., ஐ.டி.பி.ஏ. என்ற அமைப்புகள் நடத்தும் துப்பாக்கி சுடும் போட்டிகளின் ரிவால்வர் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்கள் பலர் செகண்ட் ஹேண்டைத்தான் தேடுகிறார்கள். நானும் பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686 ஒன்றைப் பார்த்துத்தான் வாங்கினேன். கடை மேசையிலேயே செய்யக்கூடிய சோதனைகளை மட்டும் இங்கே எழுதுகிறேன். டைமிங் என்றால், தோட்டா அறைகள் உள்ள சிலிண்டர் சரியான நேரத்தில் சுழன்று, அறை பேரலுக்கு (குழலுக்கு) நேராகப் பூட்டிக்கொள்வது. சட்டத்தில் ஒன்றே ஒன்று: விற்பவர் வேறு மாநிலத்தவர் என்றால், லைசென்ஸ் உள்ள டீலர் வழியாகத்தான் கைமாற வேண்டும்.

கொண்டுபோக வேண்டியவை: சின்ன டார்ச், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), அதே காலிபரில் (தோட்டா அளவில்) ஆறு காலி கேஸ்கள் (தோட்டாவின் வெற்றுக் கூடுகள்). ஃபீலர் கேஜில் 0.002 அங்குலத்திலிருந்து வரிசையாகத் தகடுகள் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் ஸ்னாப் கேப்பின் (போலித் தோட்டாவின்) விளிம்பு சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால், ரீசைஸ் செய்த (பழைய அளவுக்குத் திருப்பிய) பித்தளை கேஸ்தான் என் விருப்பம்.

1. காலியா என்று பாருங்கள். சிலிண்டரைத் திறந்து ஒவ்வோர் அறையையும் கண்ணாலும் விரலாலும் சோதியுங்கள். ட்ரிகரை இழுத்துப் பார்க்க உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். பேரல் எப்போதும் ஆபத்தில்லாத திசையில் இருக்கட்டும்.

2. பேரல். டார்ச் அடித்து ஃபோர்சிங் கோனை, அதாவது தோட்டா நுழையும் பேரலின் பின்முனையை, பாருங்கள். ஸ்மித் மாடல் 19 போன்ற கே-ஃபிரேமில் (நடுத்தர அளவுச் சட்டத்தில்) கோனின் அடிப்பக்கம் தட்டையாக, மெல்லியதாக இருக்கும். வேகமான 125 கிரெயின் (குண்டின் எடை) மேக்னம் (அதிக அழுத்த) தோட்டாக்களை நிறையச் சுட்டிருந்தால் விரிசல் விழுவது அங்கேதான். விரிசல் இருந்தால் பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். மேலே உள்ள நீலப் பூச்சு தேய்ந்திருப்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம், விலை குறைக்க உதவும்.

3. இடைவெளி. சிலிண்டரை மூடி, பின்னால் தள்ளிப் பிடித்து, பேரலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே எந்தத் தகடு நுழைகிறது என்று பாருங்கள். பிறகு முன்னால் தள்ளிப் பிடித்து அளந்து பாருங்கள். தகடே சிலிண்டரைப் பின்னால் தள்ளிவிடும், அதனால் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் எண்ட் ஷேக் (சிலிண்டரின் முன்-பின் ஆட்டம்). இடைவெளி 0.004 முதல் 0.008 அங்குலம் வரை இருந்தால் எனக்குத் திருப்தி. எண்ட் ஷேக் 0.002 வரை பரவாயில்லை. அதற்கு மேல் போனாலும் ஷிம் (மெல்லிய வளையம்) போட்டுச் சரிசெய்துவிடலாம்.

4. டைமிங். பலர் ட்ரிகரை வேகமாக நாலு தடவை இழுத்துவிட்டு 'நல்லா இருக்கு' என்று முடித்துவிடுகிறார்கள். அதில் ஒன்றும் தெரியாது. வேகமாக இழுக்கும்போது சிலிண்டர் சுழலும் வேகத்திலேயே பூட்டிக்கொள்ளும், தேய்மானம் மறைந்துவிடும்.

ஹேமரை (சுத்தியலை) கட்டைவிரலால் மிக மெதுவாகப் பின்னால் இழுங்கள். இன்னொரு கை விரலால் சிலிண்டரை லேசாக, லேசாக மட்டும், உரசிப் பிடியுங்கள். ஹேமர் முழுதாகப் பின்னால் போய் நிற்பதற்கு முன்பே, சிலிண்டர் ஸ்டாப் (சிலிண்டரைப் பூட்டும் சிறு முளை) காடியில் விழும் 'டிக்' கேட்க வேண்டும். ஹேமர் நின்ற பிறகும் சிலிண்டரைக் கையால் நகர்த்தினால்தான் பூட்டுகிறது என்றால், சிலிண்டரைத் தள்ளிச் சுழற்றும் ஹேண்டோ, அது தள்ளும் ராட்செட் பல்லோ தேய்ந்திருக்கிறது. ஒவ்வோர் அறைக்கும் ராட்செட்டில் தனிப் பல் உண்டு. ஆகவே எல்லா அறைகளையும் பாருங்கள்.

காலி கேஸ்கள் இங்கேதான் வேலைக்கு வருகின்றன. கேஸ்களை வெளியே தள்ளும், ராட்செட் பல் உள்ள எக்ஸ்ட்ராக்டர் ஸ்டாரைப் பிடித்து நிறுத்தும் பின்கள் இல்லாத ஸ்மித் மாடல்களில், வெற்றுச் சிலிண்டரில் ஸ்டார் சற்றே ஆடும். டைமிங் கெட்டுப்போனது போலவே தெரியும். கேஸ்களைப் போட்டால் அந்த ஆட்டம் நின்றுவிடும். என் 686 வெற்றுச் சிலிண்டரோடு இரண்டு அறைகளில் தாமதமாகப் பூட்டியது. கேஸ் போட்டதும் ஆறிலும் 'டிக்' சரியாக விழுந்தது. கேஸ் போட்ட பிறகு வரும் முடிவை மட்டும் நம்புங்கள்.

ட்ரிகரை முழுதாக இழுத்துப் பிடித்தபடி சிலிண்டரை அசைத்தால் ஸ்மித்திலும் ரூகரிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது இயல்பு. பழைய கோல்ட் பைத்தானின் அசையாத பிடிப்பை இவற்றில் எதிர்பார்க்காதீர்கள்.

5. ஹேமர், ஸ்பிரிங். ஹேமரை ஏற்றி, ட்ரிகரைத் தொடாமல் பின்னாலிருந்து கட்டைவிரலால் தள்ளுங்கள். விழுந்தால் வாங்காதீர்கள். டபுள் ஆக்ஷன் (ஹேமரை ஏற்றாமல் ட்ரிகரை மட்டும் இழுப்பது) வெண்ணெயாக வழுக்கினால் கைப்பிடியின் முன்பக்கம் இருக்கும், ஸ்பிரிங்கை இறுக்கும் ஸ்ட்ரெயின் ஸ்க்ரூவைப் பாருங்கள். அதைத் தளர்த்தியோ முனையைத் தேய்த்தோ இழுவையைக் குறைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட துப்பாக்கி மென்மையான ஃபெடரல் நிறுவனப் பிரைமரை (தோட்டாவின் அடியில் பற்றவைக்கும் மூடியை) மட்டுமே வெடிக்கவைக்கும், வேறு பிரைமர் என்றால் போட்டி நடுவில் 'க்ளிக்' என்று நின்றுவிடும். எந்தத் தோட்டாவோடு ஓடியது என்று விற்பவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

பிற்சேர்க்கை: 686-இன் ஆரம்பகால வகைகளான 686, 686-1 வாங்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். தாராளமாக. ஆனால் சிலிண்டரைத் திறந்து ஃபிரேமில் மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் 'எம்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 1987-இல் நிறுவனமே திரும்ப அழைத்துத் திருத்திய துப்பாக்கிகளின் அடையாளம் அது.

இன்னொன்று: 8 தோட்டா ஸ்மித் 627 ரிவால்வர் பற்றியும் கேள்வி வந்தது. யு.எஸ்.பி.எஸ்.ஏ.வில் எட்டும் போடலாம், ஐ.டி.பி.ஏ.வில் ஆறுதான் நிரப்ப முடியும். அதை வேகமாக நிரப்ப மூன் கிளிப் (தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் மெல்லிய தகடு) வேண்டும். வளைந்த கிளிப் சிலிண்டரைச் சுழலவிடாது, ஆகவே விற்பவர் தரும் பழைய கிளிப்களைக் கண்ணாடி மேல் வைத்துத் தட்டையாக உட்காருகிறதா என்று பார்த்து, ஆடுவதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.