சேகரம் ஒரு பொதுப் பிரச்சினையைக் கையில் எடுக்கும்போது

சமூக நீதிக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒரு கிறிஸ்தவ சபையின் சேகரக் கமிட்டியோ (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைப் பகுதியே சேகரம்) கத்தோலிக்கப் பங்குப் பேரவையோ முடிவெடுத்தால், அந்த வாரமே ஒரு தீர்மானம் போட்டு, மனு எழுதி, கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. மனு போன கையோடு அக்கறையும் போய்விடுகிறது. அப்படி ஆகாமல், ஒரே ஒரு பிரச்சினையை எடுத்து அதன் முடிவு வரை உடன் நிற்பது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன். சாக்கடைக் குழியிலும் செப்டிக் டேங்கிலும் மனிதர்களை இறக்கும் கொடுமையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். தென்மாவட்டச் சிறுநகரம் ஒன்றில் இதற்கான சேகரக் குழுவுக்குப் பல ஆண்டுகள் செயலாளராக இருந்தவன் என்பதால், நாங்கள் செய்த தவறுகளையும் சேர்த்தே சொல்ல முடியும்.

முதல் வேலை சபை வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. சபை நடத்தும் பள்ளி, விடுதி, கல்யாண மண்டபம், ஆயர் இல்லம் ஆகியவற்றின் செப்டிக் டேங்குகளைக் கடைசியாக யார், எப்படி, என்ன கூலிக்குச் சுத்தம் செய்தார்கள் என்று பழைய வவுச்சர்களை எடுத்துப் பாருங்கள். எங்கள் விடுதிக் கணக்கில் ‘தொட்டி சுத்தம், 2 ஆள், சாப்பாடு உட்பட’ என்று எழுதியிருந்த சீட்டைப் பொருளாளர் வாசித்தபோது, கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. உரிய பாதுகாப்புக் கருவிகளும் ஏற்பாடுகளும் இல்லாமல் ஓர் ஆளைத் தொட்டிக்குள் இறக்குவதை, கையால் மலம் அள்ளும் தொழிலை ஒழிக்க வந்த 2013ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்கிறது. முதல் முறை பிடிபட்டாலே 2 ஆண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அந்தத் தடை நகராட்சியோடு நிற்பதில்லை, வேலைக்கு அமர்த்தும் எவரையும் கட்டுப்படுத்தும், சபையையும்தான். எனவே வளாகத்தில் இனி கழிவை இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்கும் உறிஞ்சு வாகனம் மட்டுமே தொட்டியைத் தொடும் என்ற தீர்மானத்தை முதலில் எழுதி, பள்ளித் தாளாளரிடமும் விடுதிக் காப்பாளரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

அதே நாளில் கல்லறைத் தோட்டத்தையும் சுற்றிப் பாருங்கள். சாதிக்கொரு பகுதி, சாதிக்கொரு வாசல், நடுவில் ஒரு சுவர் என்று ஏதாவது இருக்குமானால், அதைத் தீர்க்காமல் தெருவுக்குப் போகும் தகுதி சபைக்கு இல்லை என்பது என் உறுதியான எண்ணம். சபைக்குள் சாதி வேற்றுமையை விட்டொழிக்க வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் கட்டளை அனுப்பினார். அதற்குப் பிறகு 175 ஆண்டுகள் கழிந்து, 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் கத்தோலிக்கருக்குள்ளேயே எழுந்த சாதிப் பிணக்கு கலவரமாகிப் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். கட்டளை போட்டால் சுவர் விழாது. இரு தரப்புக் குடும்பங்களையும் வீடு வீடாகப் பார்த்துப் பேசவேண்டியிருக்கும். அதற்கு ஓராண்டு ஆனாலும் ஆகட்டும்.

அடுத்தது கேட்பது. தூய்மைப் பணியாளர் குடியிருப்புக்குப் போர்வையும் கேக்கும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், போட்டோவும் எடுக்காதீர்கள். விடியுமுன் வேலைக்குப் போனவர்கள் திரும்பிக் குளித்துச் சாப்பிட்ட பிறகு, பிற்பகலில் போங்கள். மூன்று பேருக்கு மேல் போக வேண்டாம், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். முதல் இரண்டு சந்திப்புகளில் எதையும் எழுதிக்கொள்ளாமல் காதால் மட்டும் கேளுங்கள். எங்களிடம் ஒரு பெண் பணியாளர், “மனு குடுக்கிறது பெருசில்லய்யா, நாளைக்குக் காலைல மேஸ்திரி எங்க பேரைத்தான் கூப்பிட்டுக் கேப்பாரு” என்றார். அந்த ஒரு வார்த்தையில் எங்களுக்கு வேண்டிய அறிவு முழுவதும் இருந்தது. நாங்களோ அதன் எடையை உணராமல், பணியாளர்களின் பெயர்களோடு ஒரு மனுவைக் கொடுத்துவிட்டோம். ஒப்பந்தக்காரர் மூன்று பேரை இரண்டு வாரம் வேலைக்கு எடுக்கவில்லை. அந்த நாட்களுக்கான கூலியை அவர்களே கேட்கும் முன் சபை கொண்டுபோய்க் கொடுத்தது சரிதான் என்றாலும், அவர்கள் எங்களை மறுபடி நம்பப் பல மாதங்கள் பிடித்தன. ஆகையால் பாதிக்கப்பட்டவர்களின் பெயர் இல்லாமல், சபையின் பெயரிலும் கமிட்டி உறுப்பினர்களின் கையெழுத்திலும்தான் மனு போக வேண்டும். அதன் ஒவ்வொரு வரியும் கொடுக்கப்படுமுன் பணியாளர்களுக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டும்.

யார் முன்னே நிற்கிறார்கள் என்பதில் நம் சபைகளுக்கு ஒரு பழைய மயக்கம் உண்டு. பெண்கள் மேலாடை உடுத்தும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மிஷனரிகளைப் புகழ்கிறோம். அவர்கள் ஆதரித்தது உண்மை. அரசுக்கு மனு அனுப்பியதும் உண்மை. ஆனால் சந்தையிலும் தெருவிலும் சீலை கிழிக்கப்பட்ட பிறகும் மறுநாள் அதை உடுத்திக்கொண்டு வெளியே வந்தவர்கள் தென் திருவிதாங்கூர்ப் பெண்களே. 1859 ஜூலை 26 அன்று வந்த திருவிதாங்கூர் மன்னரின் பிரகடனம் அந்தப் பெண்களின் துணிச்சலுக்குப் பணிந்து வந்தது. குழுவில் பாதிப்பேராவது பணியாளர் குடும்பங்களிலிருந்து வர வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

இங்கே ஒரு எச்சரிக்கையைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை முதலில் இந்துக்களுக்கு மட்டும் அளித்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர்களாகிய தலித்துகள் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வரும் ஒரு குடும்பம் பிள்ளையின் படிப்புக்காக எந்தச் சாதிச் சான்றிதழை வைத்திருக்கிறது என்று பொதுவில் கேட்பதும், ஞானஸ்நானப் பதிவேட்டை வெளியாருக்குக் காட்டுவதும் அந்தக் குடும்பத்தின் பிழைப்பில் கை வைப்பதாகும். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் மறுவாழ்வு உரிமை, செய்த தொழிலை வைத்தே வரையறுக்கப்படுகிறது, சாதியையோ மதத்தையோ வைத்து அல்ல. எனவே அந்தக் கேள்விக்கே இங்கு இடமில்லை.

கேட்ட பிறகு தகவலைத் திரட்டுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். ‘பணியாளர் நிலை என்ன’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். ஒப்பந்தத்தின் நகல், அதில் குறித்துள்ள தினக்கூலி, வருங்கால வைப்புநிதி செலுத்திய சலான்கள், வழங்கிய கையுறை, காலணிகளின் எண்ணிக்கையும் தேதியும், நகராட்சியிடம் உள்ள உறிஞ்சு வாகனங்களின் எண்ணிக்கை என்று ஆவணத்தைச் சுட்டிக் கேளுங்கள். கையில் காகிதம் வந்தபின் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்சியர் தலைமையில் இயங்க வேண்டிய மாவட்ட விழிப்புக் குழுவில் சமூகப் பணியாளர்களுக்கும் இடம் உண்டு. அது கடைசியாக எப்போது கூடியது என்று கேட்பதே சில நேரம் அதைக் கூட்டவைக்கும். ஊராட்சிப் பகுதியாக இருந்தால் கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.

பிரசங்கம் இந்த இடத்தில் வரட்டும், இதற்கு முன் வேண்டாம். யாக்கோபு நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் கந்தை உடுத்தியவனுக்குச் சபையில் எந்த இடம் கொடுக்கப்பட்டது என்பதை, சொந்த வவுச்சரைப் பார்த்துவிட்ட சபை வேறு விதமாகக் கேட்கும்.

செலவுக்கு வெளிநாட்டுப் பணத்தைத் தேட வேண்டாம். அதன் கணக்கு விதிகளே உங்கள் நேரத்தை விழுங்கிவிடும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வரும் தொகையில் ஒரு பங்கு போதும். வழிபாட்டு இடங்களில் அரசியல் நடவடிக்கையை 1988ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்பதால், ஆர்ப்பாட்டம் எதுவானாலும் காவல்துறை அனுமதியோடு பொது இடத்திலேயே நடத்துங்கள். வேட்பாளர் எவருக்கும் ஒலிபெருக்கியைக் கொடுக்காதீர்கள்.

தொட்டிக்குள் ஒரு சாவு நடந்துவிட்டால், அன்றைய தினம் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிடுங்கள். ஒருவர் குடும்பத்தோடு வீட்டில் இருக்கட்டும், ஒருவர் மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை நடக்கும் இடத்தில் இருக்கட்டும், ஒருவர் வழக்கறிஞரோடு காவல் நிலையத்தில் இருக்கட்டும். முதல் தகவல் அறிக்கையில் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகள் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்று படித்துப் பார்ப்பதும், துக்கத்தில் இருக்கும் மனைவியிடம் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்க யாரும் வராமல் பார்த்துக்கொள்வதும் சபையின் பொறுப்பு. சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சமாக நிர்ணயித்து, 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. ஒப்பந்தக்காரர் ஒரு லட்சத்தோடு வாசலில் வந்து நிற்கும்போது, இந்த எண்ணைக் குடும்பத்தாருக்குச் சொல்ல அருகில் ஒருவர் இருந்தாக வேண்டும்.

ஆயர்கள் மாற்றலாகிப் போவார்கள், கமிட்டித் தேர்தலில் ஆட்கள் மாறுவார்கள். அதனால் மனுவின் ரசீது, தகவல் உரிமைப் பதில், சந்திப்புகளின் தேதி எல்லாவற்றையும் ஒரே நோட்டில் வையுங்கள். புதிய ஆயர் பொறுப்பேற்ற முதல் வாரத்திலேயே அதை அவர் கையில் கொடுத்து, அன்று பிற்பகலே அவரைக் குடியிருப்புக்கு அழைத்துச் செல்லுங்கள்.