எமர்ஜென்சியில் 'வாயு' என்று சொல்லாதீர்கள்

டொரொண்டோ வந்த முதல் குளிர்காலத்தில் ஓர் இரவு, "வாயு பிடிச்ச மாதிரி இருக்கு" என்று அம்மா நெஞ்சைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இஞ்சிக் கஷாயம் போட்டுக் கொடுத்ததில் ஒரு மணி நேரம் போய்விட்டது. ஆஸ்பத்திரி நர்ஸிடமும் நான் "கேஸ்" என்றே சொன்னேன். அவர் அதோடு விடவில்லை. வியர்த்ததா, வலி எங்காவது பரவுகிறதா என்று கேட்டார். அம்மா தாடையைத் தொட்டுக் காட்டினார். சில நிமிடங்களில் ஈசிஜி எடுத்துவிட்டார்கள். மாரடைப்பு.

வாசலில் உங்களைப் பார்ப்பவர் ட்ரையாஜ் நர்ஸ். வருபவர்களை அவர் 1 முதல் 5 வரை தரம் பிரிப்பார். 1 என்றால் உயிருக்கே ஆபத்து. முதலில் வந்தவருக்கு முதலிடம் என்பதெல்லாம் இங்கே கிடையாது. அதனால் நீங்களே நோய்க்குப் பெயர் வைக்காமல், உடம்பில் என்ன நடக்கிறது, எப்போது தொடங்கியது என்று சொல்லுங்கள். 'மயக்கம்' என்ற சொல்லில் ரொம்பக் கவனம் வேண்டும். தலை சுற்றினாலும் மயக்கம் என்கிறோம், நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம் என்கிறோம். மருத்துவருக்கு இரண்டும் வேறு வேறு. ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பல இடங்களில் போன் வழியாக ஏற்பாடு செய்வார்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுத்திணறல், குமட்டல், திடீர் அசதி என்று மாரடைப்பு வரலாம். முதல் ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தாலும் உடனே கிளம்பிவிடாதீர்கள். இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ட்ரோபோனின் என்ற புரதம் கூடும். அது தெரியவரச் சில மணி நேரம் ஆகலாம். அதனால்தான் இரண்டாவது முறையும் ரத்தம் எடுக்கிறார்கள்.

முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ பக்கவாதமாக இருக்கலாம். காரில் ஏற்றாமல் 911 அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று கட்டாயம் கேட்பார்கள். ஆம்புலன்ஸ் செலவை நினைத்துத் தயங்காதீர்கள்: ஓஹிப் அட்டை (ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை) இருந்து, தேவைப்பட்டுத்தான் அழைத்தீர்கள் என்றால் ஒன்டாரியோவில் 45 டாலர்.

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி, அதாவது நம் கணக்கில் 100.4, காய்ச்சல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஊருக்குப் போய் வந்த பிறகு காய்ச்சல் என்றால், கேட்காவிட்டாலும் பயணத்தைச் சொல்லிவிடுங்கள். டெங்கு, மலேரியா பரிசோதனை அப்போதுதான் நினைவுக்கு வரும். சாதாரண சளி, இருமலுக்கு ஆன்டிபயாடிக் தர மாட்டார்கள். வைரஸுக்கு அது வேலை செய்யாது, அலட்சியம் என்று எண்ண வேண்டாம். போவதா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தால் 811-இல் நர்ஸிடம் பேசலாம்.

அப்புறம், வீட்டில் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துப் போங்கள், சித்த மருந்து உட்பட. நம் ஊர் பிராண்டுப் பெயர் இங்கே பலருக்குத் தெரியாது. பாரசிட்டமாலே இங்கே அசிட்டமினோஃபென், கடையில் டைலனால். அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைத்தான் அவர்கள் தேடுவார்கள்.