டீ ட்ரீ எண்ணெய் தைலம் அல்ல

கேமரன் மலை ரிங்லெட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் என்னிடம், டீ ட்ரீ எண்ணெய்ப் புட்டியைக் காட்டி வாரத்துக்கு ஒருவராவது கேட்கும் கேள்வி: "இங்கே விளைகிற தேயிலையில் எடுத்த எண்ணெய்தானே இது?" தாப்பாவிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ மலையேறி வருபவர்கள் கேட்டால் பரவாயில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, அம்மா கொழுந்து பறித்த காசில் வளர்ந்தவர்களே கேட்கிறார்கள்.

முதல் தவறு பெயரில்தான். 'தேயிலை மர எண்ணெய்' என்று தமிழில் பெயர் வைத்த புண்ணியவான் யாரோ! கேமரன் மலைச் சரிவில் நாம் பார்ப்பது கமெலியா சைனென்சிஸ் என்னும் தேயிலைச் செடி. டீ ட்ரீ என்பது மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடபகுதியில், ஈர நிலத்தில் வளரும் மரம். கொய்யாவும் கிராம்பும் அதற்குச் சொந்தம். நம் திரெங்கானு கடலோரத்துக் கெலாம் மரம் இன்னும் நெருங்கிய உறவு. அந்தக் கெலாம் இனத்து இலையில் வடிப்பதுதான் நம் வீடுகளில் குழந்தையின் வயிற்றில் தடவும் காயு பூத்தே எண்ணெய்.

பெயர்க் குழப்பம் சிரித்துவிட்டுப் போகும் விஷயமும் அல்ல. சீனர் கடைகளில் தேயிலை விதை எண்ணெய் கிடைக்கும். அது கமெலியா வகை விதையில் ஆட்டியது, சமைத்துச் சாப்பிடலாம். டீ ட்ரீ எண்ணெயோ வாயில் படவே கூடாதது. இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்திருந்த ஒரு வீட்டம்மாவுக்கு இதைச் சொன்னபோது, அவர் சாமானை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

மலிவாக வாங்குவது அடுத்த தவறு. மரத்தைத் தரைக்குச் சற்று மேலே வெட்டி, தழையைத் துண்டாக்கி, நீராவியில் காய்ச்சி வடிக்கிறார்கள். வெட்டிய அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். 100 கிலோ பச்சைத் தழைக்கு ஒன்றிரண்டு கிலோ எண்ணெய்தான் தேறும். பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் மூன்று ரிங்கிட்டுக்குப் பெரிய புட்டி கிடைத்தால் உள்ளே என்ன இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். ஐஎஸ்ஓ 4730 என்ற சர்வதேசத் தர அளவின்படி, இந்த எண்ணெயின் முக்கிய வேதிப்பொருளான டெர்பினென்-4-ஆல் 35 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. சினியோல் என்ற இன்னொரு பொருள் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சினியோல்தான் யூகலிப்டஸ் தைலத்தின் வாசனை. மூடியைத் திறந்ததும் அந்த நெடி மட்டுமே மூக்கில் ஏறினால் நான் வாங்க மாட்டேன். நாற்று வாங்கி வீட்டில் வளர்த்துத் தானே வடிக்கலாம் என்பவர்களுக்கும் ஒரு சொல்: இந்த மரத்திலேயே வேதியியல் வகைகள் பல உண்டு, சிலவற்றின் எண்ணெயில் சினியோல்தான் மேலோங்கும். இலையைப் பார்த்து எது எது என்று சொல்லிவிட முடியாது.

ஆனால் பெரிய தவறு நம் பழக்கத்தில் இருக்கிறது. தோட்டப்புறத்தில் எதற்கும் தைலம். தலைவலியா, பூச்சிக்கடியா, புட்டியைக் கவிழ்த்து அப்படியே தேய்ப்போம். டீ ட்ரீ எண்ணெயை அப்படித் தேய்த்தால் தோல் எரியும், சிலருக்கு ஒவ்வாமையும் வரும். தண்ணீரில் விட்டால் கரையாது, மேலே மிதந்து அப்படியே தோலில் ஒட்டும். தேங்காய் எண்ணெயில் கலக்குங்கள்: 19 தேக்கரண்டிக்கு ஒன்று போட்டால் 5 சதவீதம். முகப்பருவுக்கும் பொடுகுக்கும் ஆராய்ச்சிகளில் பயன்படுத்திய அளவும் அதுதான். கலந்ததையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு சொட்டுத் தடவி ஒருநாள் பாருங்கள்.

சேற்றுப்புண்ணுக்கு 5 சதவீதம் போதாது. நாள் முழுக்க ரப்பர் சப்பாத்துக்குள் ஊறும் கால்களுக்கு இது தெரிய வேண்டும். ஓர் ஆய்வில் 10 சதவீதக் களிம்பு அரிப்பைத் தணித்தது, பூஞ்சையை ஒழிக்கவில்லை. இன்னோர் ஆய்வில் 50 சதவீதக் கரைசல் போட்டவர்களில் 64 சதவீதத்தினருக்குப் பூஞ்சை போயிற்று. டீ ட்ரீ எண்ணெய் சேராத வெறும் கரைசல் போட்டவர்களில் 31 சதவீதத்தினருக்கு. அதே ஆய்வில் மருந்து போட்ட சிலருக்குத் தோல் அழற்சியும் வந்தது. கிளினிக்கில் கொடுக்கும் களிம்பே எளிது என்பது என் எண்ணம்.

பழைய புட்டி விஷயத்தில் நானே மாட்டிக்கொண்டேன். கடை ஜன்னலோரம், மூடி சரியாகப் பொருந்தாத புட்டி, இரண்டு வருடம் வெயிலில் நின்றது. சவரம் செய்த கன்னத்தில் கலந்து தடவினேன். மறுநாள் கன்னம் வீங்கிச் சிவந்து, கல்லாவில் உட்காரக் கூசினேன். காற்றும் வெளிச்சமும் வெப்பமும் பட்டால் இந்த எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும். ஒவ்வாமையைத் தூண்டுவது பெரும்பாலும் அந்தக் கெட்ட பொருள்களே. கருநிறக் கண்ணாடிப் புட்டி, இறுகிய மூடி, நிழலான இடம். சாதாரண பிளாஸ்டிக் புட்டியில் ஊற்றிவைக்கவும் வேண்டாம்.

காது வலிக்கு எண்ணெய் விடும் பாட்டிகளிடம் இந்தப் புட்டியைக் காட்டாதீர்கள். உண்ணிக்காக நாய், பூனை மேல் தேய்ப்பதும் கூடாது. கால் தள்ளாடி விழுந்துவிடும்.

குழந்தை விழுங்கிவிட்டால் அதுதான் உண்மையான அவசரம். 10 மில்லிலிட்டருக்கும் குறைவாகக் குடித்த சிறு பிள்ளைகள் நிற்க முடியாமல் தள்ளாடி, மயக்கத்தில் ஆழ்ந்திருக்கிறார்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலுள்ள தேசிய நச்சு மையத்தைத் தொலைபேசியில் கேட்கலாம். பிள்ளை சோர்ந்துவிட்டால் அதற்கும் நிற்காமல் தானா ராத்தா மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். புட்டியையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.