நீலகிரில ஈவி கார் வாங்கப் போறீங்களா? கிலோமீட்டரை விடுங்க, ஏத்தத்தைக் கணக்கு பண்ணுங்க

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் ஈவி கார், அதாவது எலக்ட்ரிக் கார், வாங்கலாமான்னு யோசிக்கிறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது ஃபுல் சார்ஜ்ல எவ்ளோ தூரம் போகும்னு தான். கீழ இருக்கிறவங்களுக்கு அது சரியான கேள்வி, மேல இருக்கிற நமக்கு அது மட்டும் பத்தாது. நாம பாக்க வேண்டியது ரெண்டு விஷயம். வண்டி நிக்கிற இடத்துக்கு கரண்ட் எப்படி வரும், அப்புறம் எத்தனை மீட்டர் ஏறி வரணும். இந்த ரெண்டுக்கும் பதில் கிடைச்சா மீதி எல்லாம் தன்னால தெளிவாயிடும், அதனால ஷோரூம் போறதுக்கு முன்னாடியே உக்காந்து இதைப் போட்டுப் பாத்துடுங்க.

முதல்ல பார்க்கிங். கோவைல வாசல்ல கார், கார் பக்கத்துலயே பிளக் பாயிண்ட். இங்க வீடு ரோட்டுல இருந்து நாப்பது அம்பது படி கீழ இருக்கும், கார் மேல ரோட்டோரமா நிக்கும், இல்லன்னா வீடு மேல கார் கீழ. ஹட்டிகள்ல, அதாவது படுகர் ஊருங்கள்ல, வீடுங்க ஒட்டி ஒட்டி வரிசையா இருக்கும், வண்டி எல்லாம் பொதுவான இடத்துல நிக்கும். அதனால காருக்கு விலை பேசுறதுக்கு முன்னாடி உங்க மீட்டர் பெட்டில இருந்து கார் நிக்கிற இடம் வரைக்கும் டேப் புடிச்சு அளந்து பாருங்க. அந்த தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டருக்கு குறையாத காப்பர் ஆர்மர்ட் கேபிள் (மேல இரும்புக் கவசம் போட்டது), மண்ணுக்குள்ள பதிச்சோ சுவத்துல கிளாம்ப் அடிச்சோ கொண்டு போகணும், அந்தக் கடைசில மழை புகாத பெட்டி, பூட்டு, தனி எம்சிபி (லோடு கூடினா தானா ட்ரிப் ஆகுற சுவிட்ச்), 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே ஆஃப் ஆகுறது), தனி எர்த். இந்த செலவை காரோட விலைல சேத்தே கணக்கு பண்ணுங்க. பெட்டி வைக்கிற இடம் உங்க பட்டாவுக்குள்ள இருக்கணும், ரோட்டோரம் நெடுஞ்சாலைத்துறை இடத்துல வெச்சா எப்ப வேணா எடுக்கச் சொல்லுவாங்க. வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட பேசி சம்மதம் வாங்கிட்டு அப்புறம் புக் பண்ணுங்க.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சார்ஜ் போடுறதை மட்டும் தயவுசெஞ்சு செய்யாதீங்க. கீசர் கால் மணி நேரம் ஓடி நின்னுடும், ஆனா கார் சார்ஜர் ஏழு எட்டு மணி நேரம் அதே மாதிரி கரண்ட்டை இழுத்துட்டே இருக்கும், அந்த சூட்டை சாதாரண சாக்கெட் தாங்காது. தெரிஞ்சவங்க வீட்டுல பழைய 15 ஆம்ப் சாக்கெட்ல போட்டு வந்தாங்க, ஒருநாள் பிளக்கை உருவினா ஓட்டையச் சுத்தி பிளாஸ்டிக் பழுப்பேறி உப்பிப் போயிருந்துச்சு, கைல தொட முடியல அவ்ளோ சூடு. நல்ல கம்பெனி 16 ஆம்ப் இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போடுங்க. எர்த்தும் முக்கியம், பாறை மண்ணுல எர்த் சரியா கிடைக்காது, எர்த் சரியில்லன்னா சார்ஜர் சிவப்பு லைட்டைக் காட்டிட்டு நின்னுடும், அது வண்டியோட ரிப்பேர் இல்ல. எலக்ட்ரீஷியனை மீட்டர் வெச்சு அளக்கச் சொல்லுங்க. ஈபி ஆபீஸ்ல உங்க சாங்ஷன்டு லோடு, அதாவது உங்க கனெக்‌ஷன்ல இழுக்க அனுமதிச்ச அளவு, எவ்ளோன்னும் கேட்டு, கீசர், ரூம் ஹீட்டர், கார் மூணையும் சேத்து பத்தலன்னா கூட்டி வாங்கிக்கோங்க. வீட்டு கனெக்‌ஷன்லயே காரை சார்ஜ் பண்ணிக்கலாம்னு மத்திய மின்சார அமைச்சகம் 2022 ஜனவரி வழிகாட்டுதல்லயே சொல்லியிருக்கு, அதுல பயப்பட ஒண்ணும் இல்ல.

இப்போ ஏத்தக் கணக்கு, இதைத் தான் யாரும் சொல்லித் தர மாட்டேங்கிறாங்க. ஒரு டன் எடையை 1000 மீட்டர் மேல தூக்க 2.7 யூனிட் கரண்ட் வேணும், இது எந்த கம்பெனி வண்டியா இருந்தாலும் மாறாது, மோட்டார்ல வீணாகிறதையும் சேத்தா 3 யூனிட்னு வைங்க. வண்டியும் நாலு பேரும் லக்கேஜும் சேந்து 1.7 டன் இருந்தா 1000 மீட்டர் ஏத்தத்துக்கு 5 யூனிட். அது போக மலைல மெதுவா ஓட்டுறதால சும்மா உருள்றதுக்கு 10 கிலோமீட்டருக்கு ஒரு யூனிட். அவ்ளோ தான் கணக்கு.

மேட்டுப்பாளையம் கிட்டத்தட்ட 325 மீட்டர் உயரத்துல இருக்கு, குன்னூர் 1850, ஊட்டி 2240. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் 35 கிலோமீட்டர், 1500 மீட்டர் ஏத்தம், ஆக ஏத்தத்துக்கு ஏழரை, ஓடுறதுக்கு மூணரை, மொத்தம் 11 யூனிட். ஊட்டி வரைக்கும்னா 15 யூனிட். 30 யூனிட் (அதாவது 30 kWh) பேட்டரில பாதி அந்த 50 சொச்சம் கிலோமீட்டருக்கே போயிடும், இதே 15 யூனிட்ல சமவெளில 120 கிலோமீட்டர் போயிருக்கலாம். அதனால 30 யூனிட் வண்டிக்காரங்க மேட்டுப்பாளையம் வந்ததும் சதவீதத்தைப் பாருங்க. குன்னூர் போறவங்களுக்கு 50க்கு கீழ இருந்தா, ஊட்டி போறவங்களுக்கு 65க்கு கீழ இருந்தா அங்கயே சார்ஜ் போட்டுட்டு டீ குடிச்சுட்டு ஏறுங்க, மலை அடிவாரத்துல இருக்கிற கல்லார் தாண்டிட்டா நடுவுல சார்ஜர் கிடைக்கும்னு நம்ப முடியாது. டேஷ்போர்டுல இன்னும் இவ்ளோ கிலோமீட்டர் போகும்னு காட்டுமே அதை மலைல நம்பவே நம்பாதீங்க, அது இதுவரைக்கும் ஓடினதை வெச்சு போடுற கணக்கு, இறங்கி முடிச்சதும் ஏகத்துக்கு காட்டும், ஏற ஆரம்பிச்சதும் மளமளன்னு கொறையும். சதவீதம் ஒண்ணு தான் உண்மை.

குன்னூர்ல இருந்து கோவைக்கு ஒரு நாள் போயிட்டு வர்றதை எடுத்துக்குவோம், ஆஸ்பத்திரி, துணி எடுக்க, ஏர்போர்ட்ல விட, எல்லாருக்கும் இருக்கிற வேலை தான். இறங்குறப்போ செலவே இல்லன்னு சொல்லலாம், மேட்டுப்பாளையம் கோவை போக வர ஊருக்குள்ள சுத்துறது எல்லாம் சேந்து 12 யூனிட், திரும்ப ஏற 11. ஆக 23 யூனிட். 40 யூனிட் பேட்டரின்னா கண்ண மூடிட்டு போயிட்டு வரலாம். 30 யூனிட்ல மழை, ஏசி, டிராஃபிக்னு வந்தா இழுக்கும், கோவைல வேலை முடியுற நேரத்துல ஒரு அரை மணி நேரம் ஃபாஸ்ட் சார்ஜ் போட்டுக்கோங்க. 19, 24 யூனிட் சின்ன வண்டிகள் உள்ளூருக்குள்ள அருமையா ஓடும், ஆனா கீழ போறப்போ எல்லாம் சார்ஜ் போட்டே ஆகணும், அந்தப் பொறுமை இருக்கான்னு பாத்து வாங்குங்க.

இறக்கத்தைப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா இது உசுரு சம்பந்தப்பட்டது. எந்த கியர்ல ஏறுறியோ அதே கியர்ல இறங்குன்னு நம்ம மலை டிரைவருங்க காலங்காலமா சொல்லுவாங்க. ஈவில கியர் கிடையாது, அந்த வேலையை ரீஜென் பாக்குது, அதாவது காலை எடுத்ததும் மோட்டாரே வண்டியைப் புடிச்சு இழுத்து அந்த சக்தியை பேட்டரிக்குள்ள அனுப்புது. ஆனா பேட்டரி நூறு சதவீதம் நிறைஞ்சிருந்தா அந்தக் கரண்ட் போறதுக்கு இடமே இருக்காது. ரீஜென் வேலை செய்யாது, செஞ்சாலும் ரொம்ப கம்மியா செய்யும், முழு இறக்கத்துக்கும் கால் பிரேக் மட்டும் தான். ராத்திரி பூரா சார்ஜ் போட்டு காலைல நூறோட கிளம்புறது கீழ நல்ல பழக்கம், மேல இருக்கிற நமக்கு அது ஆபத்து. குன்னூர்ல இருந்து கீழ போறப்போ 2 யூனிட்டுக்கு மேல திரும்ப வரும், ஊட்டில இருந்துன்னா இன்னும் கூட, அதனால 85 சதவீதத்துக்கு மேல ஏத்தாதீங்க, ஆப்ல லிமிட் வெச்சா அதுவே நின்னுக்கும். இறங்குற வழில இருக்கிற பர்லியார் வந்து பாத்தா குன்னூர்ல இருந்ததை விட சதவீதம் கூடியிருக்கும், பிரேக் சக்கரம் சூடே ஆகியிருக்காது. நியூட்ரல்ல உருட்டாதீங்க, நியூட்ரல்ல ரீஜென் கிடையாது.

இதுல இன்னொரு நுணுக்கம், எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரிக்கு அப்பப்ப நூறு வரைக்கும் ஏத்தணும்னு மேனுவல்ல போட்டிருப்பாங்க, சதவீதத்தை சரியா காட்ட அது தேவை தான். மறுநாள் உள்ளூர்லயே சுத்தப் போற அன்னைக்கு அதைச் செய்யுங்க. மழைல ஹேர்பின்ல சருகு ஒட்டி ஈரமா இருக்கும்போது ரீஜெனை ஒரு லெவல் குறைச்சு வைங்க, திடீர்னு காலை எடுத்தா முன் சக்கரம் வழுக்கும்.

சரி, காசுக்கு வருவோம். பொதுவா யூனிட் இவ்ளோன்னு ஒரு ரேட் போட்டு கணக்கு சொல்லுவாங்க, நம்ம ஈபி பில் அப்படி வராது, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, ஸ்லாப் ஸ்லாபா வரும். 2024 ஜூலை கட்டணப்படி 500 யூனிட் தாண்டிட்டா முதல் 100 இலவசம், 400 வரைக்கும் 4.80, அடுத்த 100க்கு 6.45, அதுக்கடுத்த 100க்கு 8.55, இப்படி மேல போகும். 500க்குள்ள இருந்தா ரேட் இதை விட கம்மி, அதனால வீட்டுக்கு மட்டும் 250 யூனிட் ஓடுதுன்னா பில் 500 ரூபா பக்கம் தான் வரும். மாசம் 1000 கிலோமீட்டர் ஓட்டுனா ரெண்டு மாசத்துக்கு கார் 300 யூனிட் எடுக்கும், மொத்தம் 550, பில் 2500 பக்கம். ஆக காருக்குன்னு மாசத்துக்கு 1000 ரூபா. அதே தூரத்துக்கு பெட்ரோல் கார் நம்ம ரோட்டுல லிட்டருக்கு 11 குடுத்தா, லிட்டர் 100 ரூபான்னு வெச்சாலும் 9000 ஆகும். மாசம் 8000 மிச்சம். வெளில ஃபாஸ்ட் சார்ஜ் போட்டா யூனிட் 20 ரூபா பக்கம் ஆகும், அதையே நம்பி வண்டி வாங்கினா மிச்சம் 6000 பக்கமா சுருங்கிடும்.

ஈவிக்கும் பெட்ரோலுக்கும் விலை வித்தியாசம் 3 லட்சம்னா மாசம் 1000 ஓட்டுறவங்களுக்கு மூணு வருஷம் சொச்சத்துல போட்டது திரும்பிடும். மாசம் 300 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுறவங்களுக்கு மிச்சம் 2500 தான், 3 லட்சம் திரும்ப பத்து வருஷம் ஆகும். அவங்க காசுக்காக ஈவி வாங்க வேண்டாம்னு தான் நான் சொல்லுவேன், சத்தமில்லாம ஓட்ட சுகமா இருக்கேன்னு வாங்கினா அது வேற. 2025 செப்டம்பர்ல சின்ன பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18க்கு இறங்கிடுச்சு, ஈவிக்கு 2019ல இருந்தே 5 தான், அதனால பழைய வீடியோல சொல்ற வித்தியாசத்தை எடுத்துக்காதீங்க, ரெண்டுக்கும் இன்னைக்கு ஆன்ரோடு கொட்டேஷன் வாங்கி வெச்சு போடுங்க. தமிழ்நாடு 2023 ஈவி பாலிசில சாலை வரி முழு விலக்கு 2025 டிசம்பர் 31 வரைக்கும்னு இருந்துச்சு, நீங்க வாங்குற தேதிக்கு என்னன்னு ஆர்டிஓ ஆபீஸ்லயே கேட்டுக்கோங்க. லோன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரி விலக்கு உண்டுன்னு இன்னமும் சிலர் சொல்றாங்க, அது 2023 மார்ச் 31க்குள்ள சாங்ஷன் ஆன லோனுக்கு மட்டும் தான். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்ல 15 சதவீதம் கம்மி, அது உண்மை. பேட்டரிக்கு பெரும்பாலும் 8 வருஷம் இல்ல 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி, எத்தனை சதவீதத்துக்கு கீழ போனா மாத்தித் தருவாங்கன்னு எழுத்துல கேளுங்க.

டயர் சீக்கிரம் தேயும், எடையும் கூட, இழுவையும் கூட, ஹேர்பின்ல தெரியும். பிரேக் பேட் பல வருஷம் வரும், ஆனா பனிமூட்டத்துல நின்னு நின்னு டிஸ்க்ல துரு புடிக்கும், அதனால ரோடு காலியா இருக்கும்போது அப்பப்ப பிரேக்கை அழுத்திப் புடிங்க.

மழைக்காலம் தான் நெஜமான பரீட்சை. ஜூன்ல இருந்து காத்து அடிச்சா கற்பூர மரமும் சீகை மரமும் லைன் மேல விழும், கூடலூர், பந்தலூர், எமரால்டு பக்கமெல்லாம் கரண்ட் எப்ப வரும்னு சொல்ல முடியாது. அந்த மாசங்கள்ல 60 சதவீதத்துக்கு கீழ வண்டியை நிறுத்தாதீங்க, ராத்திரி அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போக அது போதும். டிசம்பர் ஜனவரில தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழும்போது பேட்டரி ஜில்லுன்னு ஆகி சார்ஜ் மெதுவா ஏறும், ரீஜெனும் காலைல கொஞ்ச நேரம் கம்மியா இருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பேட்டரி சூட்டோட இருக்கும்போதே சொருகிடுங்க, விடியக்காலைல வேண்டாம்.

ராத்திரில ஓட்டுறவங்களுக்கு ஒண்ணு, சத்தம் இல்லாததால காட்டுமாடுகளுக்கு வண்டி வர்றது தெரியாது, திருப்பத்துல நேருக்கு நேர் வந்து நிப்போம். வேகத்தைக் குறைங்க, லைட்டை டிப் பண்ணுங்க, அது நகர்ற வரைக்கும் தள்ளி நில்லுங்க.

மைசூர் போறவங்க பந்திப்பூர் கேட்டை நெனப்புல வைங்க, ராத்திரி 9ல இருந்து காலைல 6 வரைக்கும் மூடிடுவாங்க, சார்ஜர்ல கியூ நின்னு லேட் ஆனா அந்தப் பக்கமே தங்க வேண்டியது தான். சீசன்ல ஏப்ரல் மே மாசம் மேட்டுப்பாளையம் சார்ஜர்லயும் அதே கதி, டூரிஸ்ட் வண்டிங்க நிறைய வரும், அதனால கோவைலயே போட்டுட்டு வந்துடுங்க. சீசன்ல இறங்குற வண்டிகளை கோத்தகிரி வழியா திருப்பி விடுவாங்க, குன்னூர்க்காரங்க அப்போ கோத்தகிரி போற தூரத்தையும் சேத்துக்கணும்.

கடைசியா டெஸ்ட் டிரைவ். ஷோரூம் பக்கத்து ரோட்டுல ரெண்டு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்துடாதீங்க. நாலு பேர் உக்காந்து மேட்டுப்பாளையத்துல சதவீதத்தை எழுதி வெச்சுட்டு குன்னூர் வரைக்கும் ஏறணும்னு கேளுங்க, குன்னூர்ல திரும்ப எழுதிக்கோங்க, இறங்கி வந்து இன்னொரு தடவை. குடுக்க மாட்டேன்னா அடுத்த டீலர்கிட்ட போங்க. அந்த மூணு நம்பரையும் மேல சொன்ன கணக்கோட வெச்சுப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க.