ஒரே ஆளுக்கு ஒருவர் 9, இன்னொருவர் 5: இன்டர்வியூ மார்க்கை ஒழுங்குபடுத்துவது எப்படி?

பேனலில் ஒருவர் எல்லாருக்கும் 8, 9 என்று அள்ளிக் கொடுப்பார், பக்கத்தில் இருப்பவர் 5-ஐத் தாண்டவே மாட்டார். எல்லாரையும் அதே ஆட்கள் பார்த்தால் பெரிய பாதகமில்லை. காலையில் ஒரு பேனல், மதியம் வேறு பேனல் என்றால்தான் சிக்கல்.

கேள்விகளை முன்பே எழுதி, எந்த மாதிரி பதிலுக்கு 2, எதற்கு 5 என்று உதாரணத்தோடு குறித்துவையுங்கள். அப்புறம் மாதிரி இன்டர்வியூ வீடியோ ஒன்றைப் போட்டு, தனித்தனியாக மார்க் போட்டு, எங்கே பிரிகிறது, ஏன் பிரிகிறது என்று பேசுங்கள் (இதைத்தான் பலர் தவிர்க்கிறார்கள்).

சரளமாகப் பேசுபவருக்குத் தொழிலறிவிலும் மார்க் ஏறிவிடும். ராணுவ அதிகாரிகள் போட்ட மதிப்பீடுகளில் ஒரு குணத்தின் மார்க் மற்றதையும் இழுப்பதை உளவியலாளர் தார்ன்டைக் 1920-லேயே காட்டியிருக்கிறார். அதனால் ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் அப்போதே மார்க் எழுதுங்கள். கலந்து பேசும் முன் தாள்களை வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் மேனேஜர் சொன்னதே எல்லாருடைய மார்க்கும் ஆகிவிடும்.